ஓடினால் எடை குறையுமா?

ஓடினால் எடை குறையுமா? மேல்நிலை வகுப்பு மாணவியராகிய எங்களிடையே இவ்வாண்டு அடிக்கடி எழுந்த கேள்வி இது. கேட்டவர் பலர், ஓடியவர் சிலர். கடலூர் நகரத்துப் பிள்ளைகளும், சிதம்பரம் பக்கத்திலிருந்து வந்து விடுதியில் தங்கியிருக்கும் பிள்ளைகளுமாகச் சேர்ந்து, விளையாட்டு ஆசிரியையையும் அறிவியல் ஆசிரியையையும் விடாமல் கேட்டும், நூல்களைப் புரட்டியும் தெரிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறோம். பெற்றோரும் அருட்சகோதரிகளும் இம்மலரைப் படிப்பார்கள் என்பதால், அவர்களிடம் கேட்க வேண்டிய ஒன்றிரண்டையும் இடையே சேர்த்திருக்கிறோம்.

முதலில் கேள்விக்கு விடை. குறையும், ஆனால் நாம் ஆசைப்படும் வேகத்தில் குறையாது. எடைக்காக மட்டுமே ஓடத் தொடங்குகிறவள் பதினைந்து நாள் கழித்து எடை எந்திரத்தில் ஏறிப் பார்ப்பாள்; ஒரு கிலோகூடக் குறையவில்லை என்று மனம் சோர்ந்து, காலணியைக் கழற்றிப் பரண்மேல் போட்டுவிடுவாள். அந்தப் பதினைந்து நாளில் அவளுடைய உடலுக்குள் தொடங்கிவிட்ட நல்ல மாற்றங்களை அந்த எந்திரம் காட்டாது. அவற்றைக் காட்டுவதே எங்கள் நோக்கம்.

கணக்கிலிருந்து தொடங்குவோம். ஒருவர் ஒரு கிலோமீட்டர் ஓடினால், அவருடைய எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறத்தாழ ஒரு கலோரி செலவாகிறது. (உணவுக் கணக்கில் கலோரி என்று நாம் சொல்வது உண்மையில் கிலோ கலோரியே. வழக்கத்தை ஒட்டிக் கலோரி என்றே எழுதுகிறோம்.) ஐம்பது கிலோ எடையுள்ள மாணவி ஒரு கிலோமீட்டர் ஓடினால் 50 கலோரி, இரண்டு கிலோமீட்டர் ஓடினால் 100 கலோரி. வேகமாக ஓடினாலும் மெதுவாக ஓடினாலும் தூரத்துக்கான செலவு பெரிதும் மாறுவதில்லை என்பது எங்களுக்கு வியப்பாக இருந்தது. ஒரு கிலோ உடற்கொழுப்பிலோ ஏறக்குறைய 7,700 கலோரி சேமிக்கப்பட்டுள்ளது. அப்படியானால் ஒரு கிலோ கொழுப்பைக் கரைக்க அம்மாணவி 154 கிலோமீட்டர் ஓடவேண்டும்.

இது எவ்வளவு தூரம்? கடலூரிலிருந்து ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் வழியாக வெள்ளாற்றைக் கடந்து சிதம்பரம் சேர ஏறத்தாழ 45 கிலோமீட்டர். அம்மாணவி கடலூரிலிருந்து சிதம்பரம் போய், திரும்பிக் கடலூர் வந்து, மறுபடியும் சிதம்பரம் போய், அங்கிருந்து ஏறக்குறையப் பாதி வழி திரும்பி வந்தால் ஒரு கிலோ கரைந்திருக்கும்! நாள்தோறும் இரண்டு கிலோமீட்டர் ஓடினாலும் 77 நாள் ஆகும். அதுவும், ஓடிவிட்டோமே என்று கூடுதலாக ஒன்றும் தின்னாமல் இருந்தால்தான். ஒரு மெதுவடையில் ஏறக்குறைய 100 கலோரி இருக்கிறது. இரண்டு கிலோமீட்டர் ஓட்டத்தை அது ஒரே வாயில் விழுங்கிவிடும். நம் மாவட்டத்துப் பண்ருட்டி முந்திரி ஒரு சிறு கைப்பிடி, அதாவது 30 கிராம், 160 கலோரிக்கு மேல். முந்திரியைப் பழிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. அதில் நல்ல சத்துகளும் இருக்கின்றன. ஓடி முடித்த பசியில் ஒரு கைப்பிடி இரண்டாவதும் மூன்றாவதும் எப்படி எளிதாகிறது என்பதை எங்கள் விடுதித் தோழியர் நன்கறிவர்.

இன்னொரு தவறான எண்ணமும் பரவியிருக்கிறது. வியர்க்க வியர்க்க ஓடினால் கொழுப்பு உருகி வழிகிறது என்று நினைத்து, வெயிலில் தடித்த உடை அணிந்து ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். வியர்வையில் போவது நீரும் உப்பும்தான். இரண்டு குவளை தண்ணீர் குடித்தால் அந்த எடை திரும்பி வந்துவிடும். பிறகு கொழுப்பு எங்கே போகிறது? ஆஸ்திரேலிய ஆய்வாளர் இருவர் 2014-இல் இதைக் கணக்கிட்டு வெளியிட்டனர். பத்துக் கிலோ கொழுப்பு எரிந்தால் அதில் 8.4 கிலோ கரியமில வாயுவாக மாறி நம் மூச்சு வழியே வெளியேறுகிறது, எஞ்சிய 1.6 கிலோ நீராகிறது. ஆக, கொழுப்பு வெளியேறும் பெரிய வாயில் தோல் அன்று, நுரையீரல். வேதியியல் வகுப்பில் எரிதல் பாடத்தைத் தூக்கக் கலக்கத்தோடு கேட்டவர்கள் இதை மறக்கமாட்டார்கள் என்று நம்புகிறோம். கடற்கரை ஊராகிய கடலூரில் காற்றில் ஈரம் மிகுதி. வியர்வை எளிதில் ஆவியாகாது. உடலின் சூடும் தணியாது. எனவே இங்கே தடித்த உடையில் ஓடுவது பயனற்றது மட்டுமன்று, ஆபத்தானதும்கூட.

எடை இவ்வளவு மெதுவாகத்தான் குறையும் என்றால் ஏன் ஓடவேண்டும்? இங்கேதான் உண்மையான செய்தி இருக்கிறது. ஓடும்போது கால் தசைகள் இரத்தத்திலுள்ள சர்க்கரையை இன்சுலினின் உதவியைப் பெரிதும் எதிர்பாராமலே உள்ளே இழுத்துக்கொள்கின்றன. ஓடி முடித்த பிறகும் பல மணி நேரம் இன்சுலின் முன்னைவிட நன்றாக வேலை செய்கிறது. தொடர்ந்து ஓடி வரும்போது இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் அதிக இரத்தத்தை அனுப்பக் கற்றுக்கொள்கிறது. ஆகவே ஓய்வாக இருக்கும்போது அது முன்னைவிடக் குறைவாகத் துடித்தால் போதும். தசைகளுக்குள் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பெருகுகின்றன. வயிற்றுக்குள் உறுப்புகளைச் சுற்றிப் படியும் கொழுப்பு, மொத்த எடை அதிகம் மாறாதபோதும் குறையக்கூடும். இந்தக் கொழுப்புதான் நீரிழிவுக்கும் இதய நோய்க்கும் நெருங்கிய உறவு.

நீரிழிவு என்றவுடன் அது தாத்தா பாட்டிக்கு வருவது என்று சிலர் நினைக்கலாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான பெரிய ஆய்வு, நாட்டில் ஏறத்தாழ 10 கோடியே 10 லட்சம் பேருக்கு நீரிழிவு இருப்பதாகக் கணித்தது. நம் வகுப்பில் வீட்டுக்கு ஒருவரையாவது எண்ணிப் பார்த்தால் இந்த எண் மிகையாகத் தோன்றாது.

ஆகவே எடை எந்திரத்தைவிட நல்ல அளவுகோல் ஒன்று நம் கையிலேயே இருக்கிறது. காலையில் எழுந்தவுடன், படுக்கையில் இருந்தபடியே, மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு நிமிட நாடித் துடிப்பை எண்ணி ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். சில வாரங்கள் ஒழுங்காக ஓடிய பின் அந்த எண் மெல்ல இறங்குவதைக் காணலாம். மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குவது குறைவதும், இரவு நன்றாகத் தூக்கம் வருவதும் மற்ற அடையாளங்கள். இவற்றுக்கு எந்திரம் வேண்டாம், காசும் வேண்டாம்.

போட்டிக்காக அன்றி, உடல் நலத்துக்காகப் பொதுமக்கள் ஓடும் வழக்கம் மிகப் பழையது என்று எண்ணிவிட வேண்டாம். நியூசிலாந்து நாட்டில் ஆர்தர் லிடியார்டு என்னும் பயிற்சியாளர் இதய நோய் கண்ட நடுத்தர வயதினரையும் மெல்ல ஓடச் செய்தார். அமெரிக்கப் பயிற்சியாளர் பில் பவர்மன் 1962-இல் அங்கே சென்றிருந்தார். உலகத் தரமான ஓட்டக்காரர்களை உருவாக்கியவர் அவர். ஆனால் லிடியார்டு அழைத்துச் சென்ற ஓட்டத்தில் அவரைவிட வயதில் மூத்தவர்களெல்லாம் முன்னே சென்றுவிட, ஆசான் பின்தங்கிப் போனார். அங்கே தங்கியிருந்த வாரங்களில் நாள்தோறும் ஓடி, இடுப்புச் சுற்றளவு குறைந்து ஊர் திரும்பினார். பிறகு இதய மருத்துவர் ஒருவரோடு சேர்ந்து 1967-இல் மெல்லோட்டத்தைப் பற்றி அவர் எழுதிய நூல் பல லட்சம் பேரை வீதிக்குக் கொண்டுவந்தது.

நம் தமிழ்நாட்டிலேயே ஒரு சான்று உண்டு. சென்னை மேயராக இருந்தவரும், 2021-இல் மாநில நலவாழ்வுத் துறை அமைச்சராகப் பொறுப்பேற்றவருமான திரு. மா. சுப்பிரமணியன் நீரிழிவு உள்ளவர். சாலை விபத்தொன்றில் காலில் பலத்த அடிபட்டவர். நடுத்தர வயதைக் கடந்த பிறகு நெடுந்தூர ஓட்டத்தில் இறங்கி, 21 கிலோமீட்டர் அரை மாரத்தானை நூறு முறைக்கு மேல் ஓடியிருக்கிறார். அவர் அமைச்சராக இருந்தபோது, 2023 நவம்பரில், மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை ஒன்றை வகுக்கும் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டம் தொடங்கப்பட்டது. அரசியல் எங்களுக்கு வேண்டாம். அந்தக் கால்களைத்தான் குறிப்பிடுகிறோம்.

இனிப் பெண்களைப் பற்றிச் சொல்லவேண்டும். பாரதியார் பாப்பா பாட்டில் குழந்தைக்குக் கூறும் முதல் அறிவுரையே ஓடி விளையாட வேண்டும் என்பதுதான். (1918-இல் அவர் இதே கடலூரில் சிறையில் இருந்தார் என்பதை நம் ஊர்ப் பெருமையாகவோ, வருத்தமாகவோ, எப்படிக் கொள்வதென்று தெரியவில்லை.) சிறு வகுப்பில் அதைப் பாடி ஆடிய நாமே எட்டாம் வகுப்பு வந்ததும் மைதானத்தின் ஓரத்து மரநிழலில் உட்கார்ந்துவிடுகிறோம். இது நம் ஊரில் மட்டும் நடப்பதன்று. உலக நலவாழ்வு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2016-ஆம் ஆண்டு நிலவரத்தை ஆராய்ந்தபோது, 11 முதல் 17 வயதுள்ள பெண் பிள்ளைகளில் 100-க்கு 85 பேர் போதிய அளவு உடலை அசைப்பதில்லை என்று கண்டனர். ஆண் பிள்ளைகளில் 78 பேர். நாள் ஒன்றுக்குச் சராசரியாக ஒரு மணி நேரம் என்பதே அவர்கள் வைத்த அளவு.

பெண்ணுக்கு ஓட்டம் ஆகாது என்ற எண்ணம் மேல்நாட்டிலும் வெகுகாலம் இருந்தது. 1928-இல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் முதன்முதலாக 800 மீட்டர் ஓடினர். ஓடிய பெண்கள் மயங்கிச் சரிந்தனர் என்று நாளேடுகள் மிகைப்படுத்தி எழுதின. அதன்பின் 32 ஆண்டுகள், 1960 வரை, அந்த ஓட்டம் பெண்களுக்கு இல்லாமல் போயிற்று. 1967-இல் பாஸ்டன் மாரத்தானில் கேத்ரின் சுவிட்சர் என்னும் மாணவி தன் பெயரின் முதலெழுத்துகளை மட்டும் கொடுத்துப் பதிவு செய்து ஓடினார். நடுவழியில் ஓர் அதிகாரி பாய்ந்து அவரைப் பிடித்து வெளியே தள்ள முயன்றார். உடன் ஓடியவர் அந்த அதிகாரியைத் தள்ளிவிட, சுவிட்சர் முழுத் தூரத்தையும் ஓடி முடித்தார். ஒலிம்பிக்கில் பெண்கள் மாரத்தான் 1984-இல்தான் வந்தது. மாரத்தானின் தூரம் 42.195 கிலோமீட்டர்; கடலூரிலிருந்து ஓடினால் சிதம்பரம் கண்ணுக்கெட்டும் நேரத்தில் முடிந்துவிடும் தூரம்.

நம் நாட்டிலோ, 1952-இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக் ஓட்டங்களில் பங்கேற்ற முதல் இந்தியப் பெண்கள் நீலிமா கோஷ், மேரி டிசௌசா ஆகிய இருவர். மேரி பம்பாயின் பாந்த்ராவைச் சேர்ந்தவர், ஹாக்கியிலும் வல்லவர். பி. டி. உஷா 1984-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் 400 மீட்டர் தடை ஓட்டத்தை 55.42 விநாடியில் ஓடி, நூறில் ஒரு விநாடியில் பதக்கத்தை இழந்தது நம் அம்மாக்களுக்கு நினைவிருக்கும். அந்த நேரத்தை 39 ஆண்டுகள் எந்த இந்தியப் பெண்ணும் எட்டவில்லை. 2023-இல் சீனாவின் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டில் கோயம்புத்தூரைச் சேர்ந்த வித்யா ராம்ராஜ் அதே 55.42 விநாடியில் ஓடி, மறுநாள் வெண்கலமும் வென்றார். இவர்களெல்லாம் எடை குறைக்க ஓடியவர்கள் அல்லர் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

உணவைப் பற்றித் தாய்மார்கள் கவலைப்படுவது நியாயமே, நாங்களும் கவலைப்படுகிறோம். காலை உணவை விட்டுவிட்டு, மதியம் இரண்டு கரண்டிச் சோற்றோடு எழுந்து, மாலையில் ஓடுகிறவர்கள் எங்கள் கூட்டத்திலேயே இருந்தார்கள். அது பயிற்சி அன்று. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 2019–21-இல் இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 100-க்கு 59 பேருக்கு இரத்தசோகை இருந்தது. இரத்தத்தில் ஹீமோகுளோபின் குறைந்தால் தசைகளுக்குப் பிராணவாயு போதாது; இரண்டு சுற்றிலேயே கண் இருட்டும். பலர் தம்மைச் சோம்பேறி என்று எண்ணிக்கொண்டிருப்பது உண்மையில் இரத்தக் குறைவாக இருக்கலாம். முருங்கைக்கீரை, பயறு வகைகள், மீன், ஈரல், வெல்லம் சேர்த்த எள்ளுருண்டை, அவற்றோடு ஒரு நெல்லிக்காய் அல்லது எலுமிச்சைச் சாறு. உணவோடு தேநீர், காப்பி குடித்தால் இரும்புச்சத்து உடலில் சேர்வது குறையும். ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிக்கலாம். அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் வாரந்தோறும் கொடுக்கும் நீல நிற மாத்திரை வயிற்றுக்குப் போவதற்குப் பதிலாகச் சன்னல் வழியே தோட்டத்துக்குப் போவதும் உண்டு. செடிகளுக்கு இரத்தசோகை இல்லை!

மற்றொன்று இன்னும் முக்கியமானது. பெண்களின் எலும்பு வலிமையில் பெரும்பகுதி 18 வயதுக்குள் அமைந்துவிடுகிறது. போதிய உணவின்றி அளவுக்கு மீறி ஓடும் பெண்களுக்கு மாதவிலக்கு தாறுமாறாகலாம், நின்றும் போகலாம். அப்போது எலும்பும் வலுவிழக்கும். கால் எலும்பில் மயிரிழை போன்ற விரிசல் விழும். மூன்று மாதம் மாதவிலக்கு வராமல் இருந்தால் வெட்கப்படாமல் அம்மாவிடமோ, விடுதியில் இருப்பவர்கள் விடுதித் தலைவியிடமோ சொல்லி மருத்துவரைப் பார்க்கவேண்டும். வளரும் வயதில் எடை கூடுவது இயற்கை. ஒரு பிள்ளைக்கு உண்மையிலேயே எடை மிகுதியா என்பதை, வயதையும் உயரத்தையும் ஒப்பிட்டு மருத்துவர்தான் சொல்லவேண்டும். பக்கத்து வீட்டு அத்தையோ, பெஞ்சில் அருகில் இருப்பவளோ அல்லர். விலக்கான நாள்களில் ஓடலாமா என்று கேட்பவர்களுக்கு: உடம்பு இடங்கொடுத்தால் தாராளமாக ஓடலாம், கெடுதல் இல்லை.

எப்படித் தொடங்குவது? முதல் வாரம் ஐந்து நிமிடம் வேகமாக நடந்துவிட்டு, ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று மாற்றி மாற்றி இருபது நிமிடம். ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். வாரம் ஏற ஏற ஓடும் நிமிடத்தைச் சிறிது கூட்டி நடையைக் குறைத்துவந்தால், இரண்டு மூன்று மாதத்தில் இருபது நிமிடம் நிற்காமல் ஓடலாம். வேகத்துக்கு எளிய சோதனை உண்டு: ஓடிக்கொண்டே தோழியிடம் ஒரு முழு வாக்கியம் பேச முடியவேண்டும். பேச முடியாவிட்டால் வேகம் அதிகம். கதை கதையாகப் பேச முடிந்தால் வேகம் போதாது. (இரண்டாவது வகையினர் எங்களில் மிகுதி.) தேய்ந்துபோன பள்ளிக் கான்வாஸ் காலணியில் தார்ச்சாலையில் நெடுந்தூரம் ஓடினால் முன்கால் எலும்பு வலிக்கும். விலை உயர்ந்தது வேண்டியதில்லை. அடிப்பாகம் தடித்து மெத்தென்று இருக்கவேண்டும்.

இடம் நம் இரு ஊர்களிலும் இருக்கிறது. கடலூரில் அண்ணா விளையாட்டரங்கும் மஞ்சக்குப்பம் மைதானமும் உண்டு. மண் தரை காலுக்கு நல்லது. தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையில் ஓட ஆசைப்படுபவர்கள் ஒன்றை அறியவேண்டும். உலர்ந்த மணலில் கால் புதைவதால், அதே தூரத்துக்குக் கெட்டித் தரையைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் ஆற்றல் செலவாகும். கலோரிக் கணக்கில் இது இலாபம்போல் தோன்றினாலும், புதிதாக ஓடுபவரின் கெண்டைக்காலுக்கும் கணுக்காலுக்கும் நட்டமே. அலை ஓரத்து ஈரமணல் கெட்டியானது; ஆனால் அது சரிவாக இருப்பதால் போன வழியே திரும்பி வந்தால்தான் இரு கால்களுக்கும் சம வேலை கிடைக்கும். சிதம்பரத்தில் தேரோடும் நான்கு வீதிகளைச் சுற்றி விடியலில் நடப்பவர் பலர். மார்கழியில் அங்கே கோலத்தை மிதிக்காமல் ஓடுவது தனிப் பயிற்சி! அண்ணாமலை நகரில் பல்கலைக்கழகத்தை ஒட்டிய மரநிழல் சாலைகள் இன்னும் அமைதியானவை.

பெற்றோருக்கு எங்கள் விண்ணப்பம் இந்த இடத்தில்தான். எங்களைத் தடுப்பது சோம்பல் மட்டுமன்று. விடியலில் தெருநாய், கொஞ்சம் விடிந்தபின் தெருமுனையில் நின்று பேசுகிறவர்களின் பார்வை. தனியே போகாதே என்று சொல்வதோடு நிறுத்தாமல், உடன் ஒருவர் வந்தால் நாங்கள் ஓடுவோம். அப்பாவோ, அண்ணனோ, சித்தியோ வேகமாக நடந்து வரட்டும். பெரியவர்களுக்கும் வாரத்துக்கு 150 நிமிடமாவது விறுவிறுப்பான அசைவு வேண்டுமென்று உலக நலவாழ்வு நிறுவனம் கூறுகிறது. அருட்சகோதரிகளிடம் கேட்பது இது: வகுப்பு தொடங்கும் முன் அரை மணி நேரம் பள்ளி மைதானத்தைத் திறந்து வைத்தால் நான்கு சுவருக்குள் அச்சமின்றி ஓடலாம். புடவை உடுத்திய ஆசிரியைகள் சிலரும் நடக்க வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஒன்று சேர்ந்து ஓட விரும்பும் குடும்பங்களுக்கு, புதுச்சேரியை அடுத்த ஆரோவிலில் 2008-இல் தொடங்கிய மாரத்தான் ஓட்டம் நல்ல முன்மாதிரி. அங்கே பரிசும் கிடையாது, முந்தியவர் பிந்தியவர் என்ற பேச்சும் கிடையாது.

ஆஸ்துமா, இதயக் கோளாறு, வலிப்பு உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டபின்பே தொடங்கவேண்டும். காய்ச்சலின்போது யாரும் ஓடக்கூடாது. நெஞ்சு வலித்தாலும் தலை சுற்றினாலும் உடனே நிற்கவேண்டும். சித்திரை, வைகாசி வெயிலில் காலை ஆறரைக்குள் முடித்துவிடுவது நல்லது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மைதானம் குளமாகிவிடும்; அப்போது வராந்தாவில் கயிறு தாண்டலாம், மாடிப்படி ஏறி இறங்கலாம். மழை விட்ட பிறகு, விட்ட இடத்திலிருந்து தொடராமல், இரண்டு வாரம் பின்னுக்குப் போய் அங்கிருந்து தொடங்குங்கள், கால்வலி வராது.